ஆப்பு எந்தக் கோணத்தில்?

கோல்ஃப் என்றதும் நம்மூரில் பலருக்கு ஞாபகம் வருவது டைகர் உட்ஸ், பச்சைப் புல்வெளி, வெள்ளைத் தொப்பி, அப்புறம் "அதெல்லாம் பணக்காரங்க சமாச்சாரம்பா" என்கிற வசனம். அவ்வளவுதான். ஆனால் பணம் கொடுத்து கிளப் வாங்கி வருஷக்கணக்கில் ஆடுகிறவர்களிலேயே பலர் கண்டுகொள்ளாத விஷயம் ஒன்று உண்டு. அதன் பெயர் லை ஆங்கிள். 'லை' என்றால் பொய் என்று நினைத்துவிட வேண்டாம், இது கிடக்கிற லை. (ஆனால் இந்தக் கோணம் தப்பாக இருந்தால் கிளப் ஆளிடம் பொய்தான் சொல்கிறது. அதைப் பிறகு பார்க்கலாம்.)

கோல்ஃப் தெரியாதவர்களுக்கு ரெண்டு வரி. பையில் அதிகபட்சம் 14 கிளப் வைத்துக்கொள்ளலாம். அதில் நம்பர் போட்ட இரும்புத் தலைகளுக்கு அயர்ன் என்று பெயர். நம்பர் ஏற ஏற கம்பு குட்டையாகும், முகம் வானத்தைப் பார்த்துச் சாயும், பந்து உயரமாகப் போய்க் கிட்டத்தில் விழும். முகம் ரொம்பச் சாய்ந்த கடைசி சிலவற்றுக்கு வெட்ஜ் என்று பெயர். நேர் தமிழில் ஆப்பு. முகத்தின் அந்தச் சாய்வுதான் லாஃப்ட். 3 அயர்னில் 21 டிகிரி அளவில் இருக்கும், மணல் குழியிலிருந்து தூக்கும் வெட்ஜில் 56.

லை என்பது வேறு கோணம். கிளப்பின் அடிப்பாகம் தரையில் சரியாகப் படிந்திருக்கும்போது, கம்பு தரையோடு எத்தனை டிகிரியில் நிற்கிறது என்பது. 5 அயர்னில் சுமார் 61 டிகிரி. கிளப் குட்டையாக ஆக, கிட்டத்தட்ட அரை அரை டிகிரியாக ஏறி, பிட்சிங் வெட்ஜில் 64 வாக்கில் வந்து நிற்கும். குட்டைக் கம்பைப் பிடிக்கிறவர் பந்துக்குப் பக்கத்தில் நிற்கிறார், அதனால் கம்பு நிமிர்ந்து நிற்கிறது. வீட்டில் குட்டைத் துடைப்பத்தையும் நீளத் துடைப்பத்தையும் பிடித்துப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

கம்பு அந்த ஆளுக்குத் தேவையானதை விட நிமிர்ந்திருந்தால், அடிக்கும் நொடியில் தலையின் நுனி, அதாவது டோ, மேலே தூக்கிக்கொள்ளும். குதிகால் பக்கம், அதாவது ஹீல், தரையில் இடிக்கும். கம்பு படுத்திருந்தால் இதற்கு நேர் எதிர். வலது கைக்காரருக்கு டோ தூக்கினால் பந்து இடது பக்கம் போகும், டோ இறங்கினால் வலது பக்கம். (இடது கைக்காரர்கள் திருப்பிப் படித்துக்கொள்ளவும்.)

முகம் இலக்கை நேராகப் பார்க்கும்போது பந்து ஏன் பக்கவாட்டில் போக வேண்டும்? இங்கேதான் லாஃப்ட் உள்ளே வருகிறது. ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, கண்ணாடி சட்டம் போல நட்டுக்கு நிறுத்தி, அதன் ஒரு பக்கத்தை லேசாகத் தூக்கிப் பாருங்கள். அட்டை இன்னும் அதே திசையைத்தான் பார்க்கும். இப்போது அதையே பின்பக்கமாக நன்றாகச் சாய்த்து, பிறகு ஒரு பக்கத்தைத் தூக்கிப் பாருங்கள். அட்டை பார்க்கும் திசையே பக்கவாட்டில் திரும்பிவிடும். சாய்வு கூடக் கூட, அதே அளவு தூக்கலுக்குத் திருப்பம் அதிகம். பிளஸ் டூ கணக்கில் சொன்னால், திரும்பும் கோணத்தின் டேன் மதிப்பு, லாஃப்டின் டேனை லை பிழையின் சைனால் பெருக்கினால் வருவது. இவ்வளவு சின்ன சூத்திரம்தான்.

எண்களைப் போட்டால் சுவாரசியமாக இருக்கிறது. லை 2 டிகிரி தப்பு என்று வையுங்கள். 21 டிகிரி 3 அயர்னில் முகம் 0.8 டிகிரி திரும்புகிறது. 34 டிகிரி 7 அயர்னில் 1.35. 56 டிகிரி வெட்ஜிலோ 3 டிகிரி! தூரமாக மாற்றினால் 3 அயர்னில் 200 கெஜத்துக்கு 2.7 கெஜம், 7 அயர்னில் 150 கெஜத்துக்கு மூன்றரை, வெட்ஜில் 80 கெஜத்துக்கே 4 கெஜத்துக்கு மேல். இது வெறும் முகத்திசைக் கணக்கு. ஹீல் தரையில் மாட்டி முகம் இன்னும் மூடிக்கொள்வது, பந்தின் சுழற்சி அச்சு சாய்வது எல்லாம் அதே திசையில்தான் சேரும்.

200 கெஜத்தில் இரண்டே முக்கால் கெஜம் விலகினால் யாரும் கவலைப்படப் போவதில்லை. பச்சைத் திட்டில் எங்காவது விழுந்தால் போதும் என்றுதான் அந்த அடியே. 80 கெஜத்தில் கதை வேறு. அங்கே கொடிக்குப் பக்கத்தில் வைக்கத்தான் வெட்ஜை எடுக்கிறார்கள். 4 கெஜம் என்றால் 12 அடி. 8 அடியிலிருந்து குழியில் தள்ளுவதே தொழில்முறை ஆட்டக்காரர்களுக்குப் பாதிக்குப் பாதிதான் என்பது கோல்ஃபில் எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். அப்படியானால் 12 அடி என்பது சாதாரண ஆளுக்கு ஒரு அடி முழுசாகப் போனதற்குச் சமம். கம்பை எத்தனை கனத்தில் வாங்குவது, தலையின் பின்புறம் என்ன வடிவம் என்று மணிக்கணக்கில் விவாதிக்கிறவர்கள் வெட்ஜின் லையைக் கேட்காமலே பில் போடுகிறார்கள். ஆப்பு இப்படித்தான் வைக்கப்படுகிறது :-)

மலைச்சரிவில் ஆடியவர்களுக்கு இது கணக்கே இல்லாமல் தெரியும். ஊட்டி, கொடைக்கானல் மாதிரி மேடு பள்ளமான மைதானங்களில், பந்து காலை விட உயரத்தில் கிடந்தால் வலது கைக்காரரின் பந்து இடது பக்கம் ஓடும். சரிவு டோவைத் தூக்கிவிட்ட மாதிரிதான். தப்பான லை உள்ள கிளப் வைத்திருப்பவர், சமதளத்தில் நின்றும் வாழ்நாள் முழுக்கச் சரிவில் ஆடிக்கொண்டிருக்கிறார்.

இது வெறும் 4 கெஜ விவகாரமாக இருந்தால் விட்டுவிடலாம். ஆனால் உடம்பு சும்மா இருக்காது. பந்து இடது பக்கமே போய்க்கொண்டிருந்தால், யாரும் சொல்லாமலே கை முகத்தைக் கொஞ்சம் திறந்து பிடிக்கப் பழகும். அல்லது தோள் வலது பக்கம் குறி வைக்கும். ரெண்டு தப்பு சேர்ந்து ஒரு நேர்க்கோடு கிடைக்கும். ஆட்டக்காரருக்குத் தன் ஸ்விங் சரி என்றே தோன்றும். ஆனால் இந்த ஈடுகட்டல் எல்லா கிளப்புக்கும் ஒரே அளவில் செல்லாது. வெட்ஜுக்கு 3 டிகிரி ஈடுகட்டப் பழகிய கை, 3 அயர்னிலும் அதையே செய்தால் பந்து வலது பக்கக் காட்டுக்குள். "எனக்கு நீள அயர்ன் வராது" என்று சலித்துக்கொள்கிறவர்களில் சிலருக்கு நோய் வெட்ஜில் இருக்கக்கூடும்.

இதில் அதிகம் அடிபடுவது அடுத்தவர் கிளப்பில் கற்றுக்கொள்கிறவர்கள். அப்பாவின் பழைய செட்டின் கம்பை அறுத்துக் கொடுத்தால் மகளுக்குப் போதும் என்ற எண்ணம் பல வீடுகளில் உண்டு. கம்பை அறுத்தால் நீளம் குறையும், தலையில் வார்த்த கோணம் அப்படியே இருக்கும். அரை அங்குலம் குறைத்தால் ஏறத்தாழ 1 டிகிரி படுத்த கிளப் போல அது நடந்துகொள்ளும் என்பது தொழிலில் இருப்பவர்களின் வாய்ப்பாடு. கூடவே எடைச் சமநிலையும் போய்விடும். அந்தப் பெண்ணுக்கு அது பொருந்தினால் அதிர்ஷ்டம். பொருந்தாவிட்டால் அவள் முதுகும் மணிக்கட்டும் கிளப்புக்கு ஏற்ப வளைந்துகொள்ளும், "இவளுக்கு விளையாட்டு வரலை" என்ற பேச்சும் வரும். இந்தியாவில் கோல்ஃபுக்குள் நுழைய இன்னொரு வழி கேடி வேலை. 1991-ல் இந்தியன் ஓப்பனை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அலி ஷேர், 2009-ல் அதே கோப்பையை வென்ற பெங்களூருவின் முனியப்பா, இருவருமே கேடியாகத் தொடங்கியவர்கள். பை தூக்கிக் கற்றுக்கொள்ளும் ஒரு பையனுக்குக் கிடைப்பது யாரோ கழித்துவிட்ட கிளப்தான். அதன் லை யாருடைய உயரத்துக்கோ போட்டது.

இதைக் கடைக்கணக்காக மாற்றிய ஆள் கார்ஸ்டன் சோல்ஹைம். 1911-ல் நார்வேயின் பெர்கனில் பிறந்தவர், சின்ன வயதிலேயே அமெரிக்கா போனவர், ஜெனரல் எலக்ட்ரிக்கில் இன்ஜினியர். தானே செய்த பட்டர் பந்தைத் தொடும்போது எழுப்பிய சத்தத்தையே பெயராக வைத்து 1959-ல் 'பிங்' என்று ஆரம்பித்தார். 1967-ல் வேலையை விட்டுவிட்டு இதிலேயே இறங்கினார். 1970-களில் அவர் கம்பெனி கொண்டுவந்ததுதான் வண்ணப் புள்ளி முறை. அயர்ன் தலையில் ஒரு சின்னப் புள்ளி. கறுப்பு என்றால் ஸ்டாண்டர்டு. நீலம், பச்சை எல்லாம் நிமிர்ந்த பக்கம். சிவப்பு, ஆரஞ்சு எல்லாம் படுத்த பக்கம். உயரத்தையும், கை தொங்கும்போது மணிக்கட்டிலிருந்து தரை வரை உள்ள அளவையும் ஒரு அட்டவணையில் வைத்துப் பார்த்தால் நிறம் தெரியும்.

காமர்ஸ் படிக்கிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். 'ஸ்டாண்டர்டு லை' என்பதை ஏதோ மனித உடம்பிலிருந்து கண்டுபிடித்த விதி மாதிரி பேசுகிறார்கள். அது சரக்கு இருப்புக் கணக்கு. ஒரே கோணத்தில் செய்தால் கிடங்கில் ஒரே அடுக்கு, கடையில் ஒரே பெட்டி. பத்து கோணத்தில் செய்தால் பத்து அடுக்கு, அல்லது ஆர்டர் வந்த பிறகு செய்து அனுப்பும் ஏற்பாடு. செருப்புக் கடைக்காரர் ஒரே சைஸ் வைத்துக்கொண்டு "இதுதான் ஸ்டாண்டர்டு பாதம்" என்றால் அடி விழும். கோல்ஃப் கடையில் அதையே பவ்யமாகக் கேட்டுக்கொண்டு வருகிறார்கள். அந்த ஸ்டாண்டர்டும் கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். ஆகவே "எனக்கு 2 டிகிரி நிமிர்த்தணும்" என்று சொல்வதில் பிரயோஜனம் இல்லை. எந்தக் கம்பெனியின் எந்த எண்ணிலிருந்து 2? கோணத்தை முழு எண்ணாகக் கேட்டு, எழுதி வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

அடுத்து, உயரம் மட்டும் போதாது. ஐந்தடி பத்து அங்குலத்தில் ரெண்டு பேர். ஒருவருக்குக் கை நீளம், மணிக்கட்டு தரைக்குப் பக்கத்தில். மற்றவருக்குக் கை குட்டை. இருவருக்கும் ஒரே லை எப்படிப் பொருந்தும்? ஆறடி மூன்று அங்குல ஆளுக்குக் கை முழங்கால் வரை தொங்கினால், ஸ்டாண்டர்டே சரியாகவும் இருக்கலாம். முதலில் நீளம், பிறகு லை என்ற வரிசையும் முக்கியம். நீளத்தை மாற்றினால் லை நடந்துகொள்ளும் விதமும் மாறுவதால், தலைகீழாகச் செய்தால் ரெண்டு தடவை கூலி.

அட்டவணையும் ஆரம்பப் புள்ளிதான். நின்று பார்க்கும்போது இருக்கும் கோணம் அடிக்கும்போது இருக்காது. ஸ்விங் இறங்கும்போது கை, நின்ற இடத்தை விடக் கொஞ்சம் உயரத்தில் வரும். இன்னொன்று, கிளப் தலையின் கனம் கம்பின் நேர்க்கோட்டில் இல்லாமல் தள்ளி இருப்பதால், வேகத்தில் கம்பு வளைந்து டோ கீழே இறங்கும். அதனால்தான் நிற்கும்போது டோவுக்கு அடியில் ஒரு நாணயம் நுழையும் அளவு இடைவெளி இருந்தால் பயப்பட வேண்டாம் என்பார்கள். நிற்கும்போது கச்சிதமாகப் படிந்தால், அடிக்கும்போது டோ மண்ணைக் கொத்தும் வாய்ப்பு அதிகம். வேகமாக அடிக்கிறவருக்கு இது இன்னும் கூடும்.

ஆகவே அடித்துத்தான் பார்க்க வேண்டும். பழைய முறை, அடிப்பாகத்தில் ஒரு டேப் ஒட்டி, கெட்டியான பிளாஸ்டிக் பலகை மேலிருந்து பந்தை அடிப்பது. தேய்ந்த அடையாளம் நடுவில் இருந்தால் சரி, ஹீல் பக்கம் என்றால் கிளப் ரொம்ப நிமிர்ந்தது, டோ பக்கம் என்றால் ரொம்பப் படுத்தது. இதில் ஒரு கோளாறு, பலகையைப் பார்த்ததும் ஆட்கள் பயந்து மெதுவாக அடிப்பார்கள்.

இதை விட எளிது மார்க்கர் வழி. பந்தின் பின்பக்கத்தில் மார்க்கர் பேனாவால் தடிமனாக ஒரு செங்குத்துக் கோடு போடுங்கள். கோடு கிளப் முகத்தைப் பார்க்க வைத்து அடியுங்கள். முகத்தில் மை பதியும். கோடு முகத்தின் வரிப்பள்ளங்களுக்கு நேர் செங்குத்தாக இருந்தால் லை சரி. கோட்டின் தலை டோ பக்கம் சாய்ந்தால் கிளப் அதிகம் நிமிர்ந்தது. ஹீல் பக்கம் சாய்ந்தால் அதிகம் படுத்தது. பலகை வேண்டாம், கடைக்குப் போக வேண்டாம், புல்லிலேயே பார்த்துக்கொள்ளலாம். ஒரு பந்தை வைத்து முடிவு கட்டாமல் பத்துப் பந்தாவது அடிக்க வேண்டும். பத்தும் பத்து விதமாக இருந்தால் கிளப்பை வளைப்பதற்கு முன் ஸ்விங்கைக் கவனிக்கலாம். நேற்றுத்தான் கற்க ஆரம்பித்தவர் அட்டவணைப்படி ஒரு கோணத்தை வைத்துக்கொண்டு, ஆறு மாதம் கழித்து மார்க்கரை எடுப்பதே நல்லது.

பழைய செட் வாங்குகிறவர்களுக்கு ஒரு தந்திரம். கிளப்பைத் திருப்பி அடிப்பாகத்தின் தேய்மானத்தைப் பாருங்கள். (கணக்குப் பதிவியல் தேய்மானம் இல்லை, நிஜத் தேய்மானம்.) பளபளவென்று தேய்ந்த இடம் ஹீல் பக்கமா, டோ பக்கமா? முன்பு வைத்திருந்தவருக்கும் அந்தக் கிளப்புக்கும் எப்படி ஒத்துப்போனது என்பதை அது சொல்லிவிடும்.

இனி ஆப்புக்கு வரலாம். அயர்ன் செட்டாக வாங்குகிறார்கள், வெட்ஜைத் தனியாக வேறு கம்பெனியில் வாங்குகிறார்கள். அயர்னை 2 டிகிரி நிமிர்த்தி வாங்கியவர், வெட்ஜை அப்படியே 64 டிகிரியில் கடையிலிருந்து எடுத்து வந்தால், பிட்சிங் வெட்ஜ் 66-லும் அடுத்தது 64-லும் நிற்கும். முழு ஸ்விங்கில் ரெண்டையும் மாறி மாறி அடிக்கிறவருக்குக் குழப்பம்தான். அப்படியானால் எல்லா வெட்ஜையும் அயர்னோடு சேர்த்து நிமிர்த்திவிடலாமா? இங்கேதான் கிளப் பொருத்துகிறவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு. வெட்ஜை எப்போதும் முழு வேகத்தில் அடிப்பதில்லை. பாதி ஸ்விங்கில் கம்பு அவ்வளவு வளையாது, டோவும் அவ்வளவு இறங்காது, கையும் தாழ்வாகவே இருக்கும். மணல் குழியில் முகத்தைத் திறந்து, கையை இன்னும் தாழ்த்தி அடிப்பார்கள். இந்த அடிகளில் நிமிர்ந்த கிளப் டோவைத் தூக்கிக்கொண்டு ஹீலால் தரையைக் குத்தும். லாஃப்ட் அதிகமாக இருப்பதால் தண்டனையும் அதிகம்.

ஆகவே நியாயமான ஏற்பாடு இதுவாகத் தோன்றுகிறது. முழு ஸ்விங்கில் அடிக்கும் பிட்சிங் வெட்ஜும் அதற்கு அடுத்ததும் அயர்ன் வரிசையைத் தொடரட்டும். மணல், குட்டி அடிகளுக்கான 56, 60 டிகிரி வெட்ஜுகள் அந்த வரிசையை விட 1 அல்லது 2 டிகிரி படுத்தே இருக்கட்டும். 56-ஐ முழுசாக அடிக்கிற பழக்கம் உள்ளவர் அதையும் அயர்னோடு சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான். கடைக்குப் போகும் முன், தான் கடைசியாக ஆடிய மூன்று நாளில் எந்த வெட்ஜை எத்தனை தடவை முழுசாக அடித்தோம் என்று எண்ணிப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். 7 அயர்னை மட்டும் சோதித்து வெட்ஜ் வரை அதே மாற்றத்தைப் போட்டுக் கொடுக்கிறவரிடம், 56-லும் மார்க்கர் கோடு போட்டு அடித்துக் காட்டச் சொல்லுங்கள்.

இந்த அரை டிகிரி ஏணியே வேண்டாம் என்று சொன்னவரும் உண்டு. பிரைசன் டிஷாம்போ, பிசிக்ஸ் படித்தவர். தன் அயர்ன் எல்லாவற்றையும் 7 அயர்ன் அளவில், சுமார் 37.5 அங்குலத்தில், ஒரே லையில் செய்துகொண்டார். அதுவும் கடையில் கிடைப்பதை விட ரொம்பவே நிமிர்ந்த லை. 2015-ல் கல்லூரிகளுக்கான தேசிய சாம்பியன், அதே ஆண்டு யு.எஸ். அமெச்சூர் சாம்பியன். 2020-லும் 2024-லும் யு.எஸ். ஓப்பன். 2017-ல் கோப்ரா கம்பெனி ஒரே நீள அயர்னைக் கடைக்கே கொண்டுவந்தது. ஆனாலும் எல்லோரும் அந்தப் பக்கம் ஓடிவிடவில்லை. எவ்வளவு நிமிர்த்தினாலும் விதி ஒன்று உண்டு, கம்பு செங்குத்திலிருந்து குறைந்தது 10 டிகிரியாவது சாய்ந்திருக்க வேண்டும்.

வளைப்பது பெரிய வேலை இல்லை. தலையை ஒரு பிடியில் இறுக்கி, தலையும் கம்பும் சேரும் கழுத்தை ஒரு நெம்புகோலால் நெம்புவார்கள். சில நிமிடம். புது செட் விலையோடு பார்த்தால் சில்லறைச் செலவு. அடித்து உருவாக்கிய மென் கார்பன் இரும்பு தாராளமாக வளையும். வார்ப்பில் செய்த கெட்டியான ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் 1, 2 டிகிரிக்கு மேல் முரண்டு பிடிக்கும், கட்டாயப்படுத்தினால் கழுத்து முறியலாம். வாங்கும்போதே இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். 4 டிகிரி மாற்றம் தேவைப்படுகிறவர் வார்ப்பு செட்டை வாங்கிவிட்டு வளைக்கச் சொன்னால், கடைக்காரர் கையைத்தான் விரிப்பார்.

சரி செய்த கிளப் முதல் வாரம் தப்பாகத்தான் தெரியும். பழைய ஈடுகட்டல் கையிலேயே இருப்பதால், இதுவரை நேராகப் போன பந்து இப்போது வலது பக்கம் போகும். இங்கேதான் பலர் பயந்துபோய் மறுபடி வளைத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். மார்க்கர் கோடு நேராக நிற்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டு, சில நூறு பந்து பொறுக்க வேண்டும். மென் இரும்பு எளிதாக வளையும் என்றால் எளிதாகக் கலையவும் செய்யும். பயிற்சிக் கூடத்தின் கெட்டிப் பாயில் ஓயாமல் அடிக்கிறவர் வருஷத்துக்கு ஒரு தடவை கோணத்தை அளந்து, எழுதி வைத்த பழைய எண்ணோடு ஒப்பிட வேண்டும். ஆட்டத்தின் நடுவில் மட்டும் கை வைக்கக் கூடாது. தெரிந்தே வளைத்த கிளப்பால் அந்தச் சுற்றில் ஒரு அடி அடித்தாலும் ஆட்டத்திலிருந்து வெளியேற்றம்தான்.